துருவைக் கருப்பாக்கும் கை

“கேளுங்க அம்மிணி” என்றவர், மரக்கட்டையிலிருந்து பிரித்தெடுத்த இரட்டைக்குழலை இடக்கையின் ஒற்றை விரலில் தொங்கவிட்டு, வலக்கை நகத்தால் சுண்டினார். ‘டொக்’ என்றது. விரிசல் விட்ட மண்பானையைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம். பிறகு சுவரோரம் சாத்தியிருந்த வேறொரு குழலை எடுத்து அதேபோலச் சுண்டினார். ஒரு ரீங்காரம் எழுந்து தகரக் கூரை வரை போய் மெல்ல அடங்கியது.

“நல்ல குழல்னா வெண்கலக் கிண்ணமாட்டப் பாடோணுங்க. உங்க அப்புச்சி துப்பாக்கி பாட மாட்டேங்குது. உள்ள எங்கியோ பத்தவச்சது விட்டிருச்சு.”

2023ஆம் ஆண்டு, ஆனி மாதக் கடைசி. போத்தனூர் ஸ்டேஷனிலிருந்து செட்டிபாளையம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய், ஒரு சந்துக்குள் திரும்பினால் அந்தப் பட்டறை. இருபுறமும் பம்புசெட் உதிரிகள் கடையும் லேத் பட்டறைகள். நடுவில் இவருடையது மட்டும் சத்தமில்லாத பட்டறை. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர். வயது எழுபதைத் தாண்டியவர். மாமாவுடன் நான் போயிருந்தேன். அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, காலமான பிறகு வாரிசு முறையில் உரிமம் மாமா பெயருக்கு மாறியிருந்தது.

போனவுடன் அவர் துப்பாக்கியைத் தொடவில்லை. உரிமப் புத்தகத்தை வாங்கி, குழலில் வெட்டியிருந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டார். பெரிய பதிவேட்டில் தேதி, எண், பழுது என்று எழுதி மாமாவிடம் கையெழுத்து வாங்கினார். அதன் பிறகே வேலை. “கணக்கு சுத்தமா இருந்தாத்தானுங்க கையும் சுத்தமா இருக்கும்” என்றார். அலமாரியில் அவருடைய அப்பா காலத்துப் பதிவேடுகளும் அடுக்கியிருந்தன.

குழலைத் திருப்பி, அடிப்பக்கத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னார். கடுகளவு முத்திரைகள். ஒவ்வொரு கிரீடத்தின் கீழும் பி.பி., பி.வி., என்.பி. என்ற எழுத்துகள். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1813இல் சட்டம் போட்டு அமைத்த சோதனைச்சாலையின் முத்திரைகள் அவை. வழக்கத்தைவிடக் கூடுதலாக மருந்து ஏற்றிச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலுக்கே அங்கே முத்திரை கிடைக்கும். என்.பி. என்றால் புகையில்லா மருந்துக்கும் தாங்கும் என்று பொருள். இந்த எழுத்து வரிசை 1904 முதல் 1954 வரை வழக்கில் இருந்தது. ஆக, அப்புச்சியின் துப்பாக்கி அந்த ஐம்பது ஆண்டுக்குள் பிறந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துச் சரக்கு என்றால் முட்டை வட்டத்துக்குள் இ.எல்.ஜி. என்றிருக்குமாம். சாதகக் கட்டம் பார்ப்பவரைப் போல இந்தப் பொடி எழுத்துகளைப் பார்த்தே ஊரும் காலமும் சொல்லிவிடுகிறார்.

மகாராஜாக்கள் லண்டனில் பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கடைகளில் உடம்புக்கு அளவு கொடுத்துத் துப்பாக்கி செய்வித்துக்கொண்டார்கள். தோட்டக்காரருக்கும் ரயில் டிரைவருக்கும் கைக்கு எட்டியது பர்மிங்காமின் சாதாரணச் சரக்குதான். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆன்சன், டீலி என்ற இருவர் 1875இல் காப்புரிமை பெற்ற அமைப்பு, வெளியே நிமிர்ந்து நின்ற குதிரை எனும் சுத்தியல்களைப் பெட்டிக்குள் அடக்கியது. உறுப்புகள் குறைந்தன, செய்யும் செலவும் இறங்கியது. அந்த அமைப்பு எளிய மனிதர்களின் துப்பாக்கியாகி உலகமெங்கும் போனது. சென்னையில் பி. ஆர் அண்ட் சன்ஸ், ஓக்ஸ் கம்பெனி போன்ற கடைகளின் பெயர் பொறித்தவை பழைய குடும்பங்களில் இன்றும் இருக்கின்றன. எங்களுடையதில் கடைப் பெயரும் இல்லை. வெறும் 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அதில் ஓர் உருண்டை நுழையும் துளை, சுமார் 18.5 மில்லிமீட்டர். அதுதான் அந்தக் கணக்கு.

இந்தத் துப்பாக்கிகள் போத்தனூருக்கு வந்து சேர்ந்ததற்கு ரயிலே காரணம். 1862இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிப் போன பாதை இந்த ஊர் வழியாகத்தான் போனது. கோயம்புத்தூருக்கு ரயில் வந்தது அதற்குப் பிறகு. ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் குடியேறின. வேலை இல்லாத நாளில் வேட்டைக்குப் போவது அவர்களின் வழக்கம். குறிச்சிக் குளத்தில் உள்ளானும் கிளுவையும். மதுக்கரைப் பக்கத்துக் கரடுகளில் கௌதாரியும் காடையும். பட்டறைக்காரரின் அப்பா ரயில்வேயின் சிக்னல் பட்டறையில் ஃபிட்டர். அரம் பிடிக்கும் கை அங்கே பழகியது. மாலை நேரத்தில் அந்தக் குடும்பங்களின் துப்பாக்கிகளைச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். நாடு விடுதலை பெற்ற பிறகு அவர்களில் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். “துரைங்க போறப்ப துப்பாக்கிய வித்துட்டுப் போனாங்க. வாங்குனதெல்லாம் நம்ம கவுண்டருங்கதான்” என்றார். அப்புச்சி வாங்கியதும் அப்படித்தான்.

“ரெண்டு குழலும் ஒண்ணுன்னு நெனச்சுக்காதீங்க” என்று குழல் வாயைக் காட்டினார். கண்ணுக்குத் தெரியவில்லை, அவர் கருவியை விட்டு அளந்தபோது தெரிந்தது. வலது குழலின் வாய் ஏறத்தாழ நேர்த்துளை. இடது குழலின் வாய் ஒரு மில்லிமீட்டர் நெறிந்திருந்தது. நாற்பது கஜ தூரத்தில் முப்பது அங்குல வட்டம் போட்டால், நெறியாத குழல் தன் ரவைகளில் நூற்றுக்கு நாற்பதை அதற்குள் போடும். முழுக்க நெறிந்த குழல் எழுபதைப் போடும். காலடியிலிருந்து படபடவென்று கிளம்பும் கௌதாரிக்கு வலது. அது தப்பித் தூரம் போய்விட்டால் இடது. இரண்டு விசை, இரண்டு தூரம், ஒரே நொடியில் முடிவு. சாதாரண வேட்டைக்காரன் இரட்டைக்குழலைத் தேடியது இதற்காகத்தான்.

இரட்டைக்குழலும் எட்டாதவர்கள் இருந்தார்கள். நரிக்குறவர், குருவிக்காரர் என்ற பெயர்களிலேயே தொழிலைச் சுமந்தவர்கள். வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியோடு வயல் வயலாக நடந்து, காடையும் கௌதாரியும் அடித்து விற்றுப் பிழைத்தார்கள். வேட்டை எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கறி. அவர்களுக்கு அன்றாடச் சோறு. 1972இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. 1991இல் வந்த திருத்தம் மிச்சமிருந்த கதவையும் அடைத்தது. எங்கள் வீட்டில் துப்பாக்கி பீரோவுக்குள் போனது. அவர்கள் வீட்டில் அடுப்பு அணைந்தது. ஊசி, பாசிமணி என்று தொழிலை மாற்றிக்கொண்டு அவர்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023 ஜனவரியில்தான் வந்தது. பறவை வேட்டையைப் பற்றி எழுதும்போது இந்தக் கணக்கையும் எழுதத்தான் வேண்டும்.

அம்மா சொல்வாள்: கௌதாரிக் குழம்பு சாப்பிடும்போது பல்லில் ரவை கடிபடும், எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டுச் சாப்பிடுவோம், யார் தட்டில் எத்தனை ரவை என்று எண்ணுவோம் என்று. நான் வளர்ந்த காலத்தில் அந்தக் குழம்பு இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனைகட்டியில் 1990இல் தொடங்கிய பறவையியல் மையம் சாலிம் அலியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சிறுவனாக ஏர்கன்னால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு, அதன் தொண்டையில் இருந்த மஞ்சள் திட்டைக் கண்டு, அது என்ன குருவி என்று விசாரிக்கப் போனவர் அவர். துப்பாக்கியில் தொடங்கி, பறவையிடம் போய்ச் சேர்ந்த வாழ்க்கை. குறிச்சிக் குளக்கரையில் பறவைகள் பயமில்லாமல் இறங்கட்டும். ஆனால் அந்த வேட்டையை ஒட்டி வளர்ந்த கைவேலையும் சேர்ந்து அழிந்துபோக வேண்டுமா? அந்தப் பட்டறையில் உட்கார்ந்திருந்த நாட்களில் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

எங்கள் துப்பாக்கிக்கு வந்த நோய் இதுதான். இரண்டு குழல்களுக்கும் நடுவே, மேலும் கீழும் ஓடும் நடுப்பட்டைகளை ஈயமும் வெள்ளீயமும் கலந்து பற்றவைத்திருப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் வெளியூரில் ஒரு கடையில் மாமா இதற்குக் கருப்பேற்றிக்கொண்டு வந்தார். பளபளவென்று புதிதுபோல இருந்தது. அங்கே செய்தது கொதிக்கும் காரக்கரைசலில் முக்கியெடுக்கும் வேகமுறை. புதுத் துப்பாக்கிகளுக்கு அது சரி. ஈயப்பற்று உள்ள பழைய இரட்டைக்குழலில் அந்தக் காரம் பற்றையே அரித்துவிடும். பட்டைக்கு அடியில் தேங்கிய மிச்சம் ஆண்டுக்கணக்கில் உள்ளிருந்தே தின்னும். பட்டை விட்டதும் ஓசை செத்தது.

அவர் பட்டையைப் பிரித்தெடுத்தார். அடியில் வெள்ளை உப்பாகப் பூத்துக் கிடந்தது. சுரண்டிக் கழுவி, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் போலக் குழலுக்கும் பட்டைக்கும் தனித்தனியே ஈயம் பூசினார். பிறகு சேர்த்து, கட்டுக்கம்பியால் சாண் இடைவெளிக்கு ஒரு கட்டாகக் கட்டி, இடுக்குகளில் ஆப்பு செருகினார். குங்கிலியம் தூவிச் சூடு காட்டினார். நெருப்பை ஓரிடத்தில் நிறுத்தவே இல்லை. ஈயம் பட்டையின் ஓரத்தில் வெள்ளி நூலாகக் கசிந்ததும் கையை எடுத்துவிட்டார். கொஞ்சம் கூடினாலும் குழல் வளைந்துவிடும். தெர்மாமீட்டர் எதுவும் இல்லை. அந்த நூல்தான் அளவு.

அதன் பிறகு கருப்பு. இதைத்தான் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். சுண்ணாம்புக் குழம்பு பூசி, காயவைத்துத் தேய்த்து எண்ணெய்ப் பசையை எடுத்தார். இனி விரல் படக்கூடாது. பட்டால் ரேகை அப்படியே நின்றுவிடும். துளைகளின் இருபுறமும் மரத்தக்கை அடித்து, அவற்றைப் பிடித்தே தூக்கினார். அப்பா சொல்லிக்கொடுத்த கணக்கில் கலந்த திராவகத்தைத் துணியில் தொட்டு, ஒரே இழுப்பாகப் பூசி, ஈரச்சாக்கு தொங்கும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மறுநாள் காலை திறந்தால் குழல் முழுக்கச் செந்துரு, மஞ்சள் குங்குமம் அப்பியதுபோல. நான் பதறினேன். அவர் சிரித்தார். “துருன்னா பயப்படக் கூடாதுங்க. அதுக்கு வேலை குடுக்கோணும்.”

நீளமான தகரத் தொட்டியில் தண்ணீர் கொதித்தது. போர் தண்ணீர் உப்பு, வெள்ளைத் திட்டு விழும் என்று மகள் வீட்டிலிருந்து கேனில் சிறுவாணித் தண்ணீர் கொண்டுவருகிறார். அதற்குள் குழலை இறக்கினார். என் கண் முன்னாலேயே சிவப்பு கருத்தது. இரும்பைத் தின்னும் செந்துரு, கொதிநீரில் இரும்பைக் காக்கும் கருந்துருவாக மாறும் வேதியியல் அது. தண்ணீர் கொதிக்கும் சூட்டில் ஈயப்பற்று உருகாது, காரமும் இல்லை. அதனால்தான் பழைய இரட்டைக்குழலுக்கு இந்த வைத்தியம். எடுத்து, மெல்லிய எஃகுநாரால் தேய்த்தால் மேலே நின்ற கரி போய், அடியில் லேசான சாம்பல் நிறம் தங்கும். மறுபடி திராவகம், மறுபடி அலமாரி, மறுபடி கொதி. எட்டு முறை. ஒவ்வொரு முறையும் இழை இழையாகக் கருப்பு ஏறியது. கடைசியில் கிடைத்தது கண்ணைக் கூசாத, மழைநேரத்து நாவற்பழத்தின் கருப்பு.

ஆனியிலும் ஆடியிலும்தான் இந்த வேலையை வைத்துக்கொள்கிறார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று போத்தனூரைத் தொடும் மாதங்கள் அவை. சித்திரை வெயிலில் துரு சீராகப் பிடிக்காது என்கிறார். ஒரு கைவேலை தன் ஊரின் காற்றையும் தண்ணீரையும் இவ்வளவு நம்பியிருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வேலை குறைந்துகொண்டே வருகிறது. 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். தாத்தா துப்பாக்கியைப் பேரன்கள் ஒப்படைத்துவிடுகிறார்கள். தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் வயதானவர்கள் சிலர்தான் காவலுக்கென்று வைத்திருக்கிறார்கள். மகன் பொறியாளர், பட்டறைக்கு வரவில்லை. பக்கத்து லேத்தில் வேலை செய்யும் இளைஞன் ஒருவன் மட்டும் மாலையில் வந்து நின்று பார்க்கிறான். அவன் வந்தால் இவர் அரத்தைக் கையில் கொடுத்து ஓர் இரும்புத் துண்டைச் சதுரமாக்கச் சொல்கிறார். “துப்பாக்கி வேண்டாம் அவனுக்கு. இந்தக் கை வந்தாப் போதும். எந்த இரும்புக்கும் ஆகும்.” என் கேள்விக்குப் பதில் இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

ஆவணி முதல் வாரத்தில் துப்பாக்கியை வாங்கப் போனோம். பதிவேட்டில் வரவு, கையெழுத்து எல்லாம் முடிந்தது. குழலை என்னிடம் நீட்டினார். “இப்ப நீங்க தட்டுங்க அம்மிணி.” விரலில் தொங்கவிட்டுச் சுண்டினேன். பாடியது. மாமா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓசை அடங்கும் வரை மூவரும் பேசவில்லை.

2024 மார்ச்சில் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. மற்ற உரிமதாரர்கள் பலரையும் போல மாமாவும் துப்பாக்கியைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு போய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். கொடுத்த ரசீதில் இருந்தது ஒரே வரி: 12 போர், இரட்டைக்குழல், பழையது, ஒன்று. பர்மிங்காமின் முத்திரையும், ஈயம் கசிந்த வெள்ளி நூலும், எட்டு முறை கொதித்த துருவும் அந்த வரிக்குள் அடங்கவில்லை. ரசீது எழுதாமல் விட்டதை நான் இங்கே எழுதி வைக்கிறேன்.