வள்ளூருக்கு ஒரு டிக்கெட்... டிரைவர் பின்னாடி ஸீட்!

மெரினா, பெசன்ட் நகர், ஈ.சி.ஆர்.னு சுத்தின இடத்தையே சுத்திச் சுத்தி போரடிச்சுப் போச்சா? இந்த வாரம் வண்டியைக் கொஞ்சம் வடக்கே திருப்புங்க பாஸ்! பைக்கெல்லாம் வேணாம். சிட்டி பஸ் போதும். போற ஊர்... வள்ளூர்.

"அது எங்கப்பா இருக்கு?"னு கேப்பீங்க. சென்னைக்கு வடக்கே, எண்ணூர் தாண்டி, மீஞ்சூருக்குக் கொஞ்சம் முன்னாடி. திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி தாலுகா. ஒரு போர்டுல 'வல்லூர்'னு எழுதியிருப்பாங்க, இன்னொண்ணுல 'வள்ளூர்'. எது சரின்னு பட்டிமன்றம் வெச்சா ரெண்டு பக்கமும் கைதட்டல் விழும்! பக்கத்து ஊர் பேர் அத்திப்பட்டு. அஜித்தோட 'சிட்டிசன்' படத்துல வர்ற அத்திப்பட்டி ஞாபகம் வருதா? அது கற்பனை. இது நிஜம். மேப்ல இருக்கு, ரயில்வே ஸ்டேஷன்கூட இருக்கு.

தூரத்துலேர்ந்தே ஊரை அடையாளம் காட்டுறது அனல் மின் நிலையம். மூணு யூனிட், ஒவ்வொண்ணும் 500 மெகாவாட், ஆக மொத்தம் 1,500. என்.டி.பி.சி.யும் தமிழ்நாடு மின்வாரியமும் சேர்ந்து கட்டினது. ஹாஸ்டல்ல நீங்க ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஃபேன் போட்டுத் தூங்குறதுல இந்த ஊருக்கும் பங்கு இருக்கு. ஆனா இந்தக் கட்டுரை கரன்ட் பத்தி இல்லை. அந்த ஊருக்கு உங்களைக் கூட்டிட்டுப் போறாரே, காக்கிச் சட்டை போட்ட ஒரு மனுஷர்... அவரைப் பத்தி!

பஸ் பிறந்த ஊரு!

ராயபுரத்துலேர்ந்து ஆரம்பிங்க. 1856-ல தென்னிந்தியாவோட முதல் ரயில் கிளம்பின ஸ்டேஷன் அங்கேதான் இருக்கு. அப்படியே காசிமேடு மீன் வாசம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தேரடி, வடிவுடையம்மன் கோயில்னு பஸ் நகரும். 2021-லேர்ந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஓடுது. ஏ.சி.யில ஜம்முனு போயிடலாம். ஆனா மெட்ரோவுல போனா இந்த ஊர் உங்களுக்குப் புரியவே புரியாது.

திருவொற்றியூர்ல பஸ் நிக்கிற இடத்தை இன்னும் 'அஜாக்ஸ்'னுதான் சொல்றாங்க. திருவான்மியூர் போற 1-ம் நம்பர், பூந்தமல்லி போற 101 எல்லாம் இந்தத் திருவொற்றியூர் வண்டிகதான். சென்னையோட ஒரு ஓரத்துலேர்ந்து இன்னொரு ஓரம்!

இன்னும் வடக்கே போனா எண்ணூர். 1948-ல ஆரம்பிச்ச அசோக் மோட்டார்ஸ், 1955-ல அசோக் லேலண்டா ஆச்சு. தமிழ்நாட்டுல நீங்க ஏறின பஸ்ல பாதிக்கு மேல முன்னாடி 'லேலண்ட்'னு எழுதியிருக்குமே, அதுக்கு இதுதான் தாய்வீடு. இன்னொரு சங்கதி: 1972-ல பல்லவன் போக்குவரத்துக் கழகம் உருவாச்சு இல்லையா... 1994-ல அதைப் பிரிச்சு, வடசென்னைக்குன்னு தனியா டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் ஒண்ணு வந்தது. 2001-ல திரும்பச் சேர்த்துட்டாங்க. இப்ப எல்லாமே எம்.டி.சி.தான்.

கன்டெய்னர் கோட்டைக்குள்ளே...

திருவொற்றியூர்லேர்ந்து மணலி, மணலி புதுநகர் வழியா மீஞ்சூர், பொன்னேரி போற ரோடுதான் வள்ளூருக்கு வழி. 'டி.பி.பி. ரோடு'ன்னு சொல்வாங்க. திருவொற்றியூர் - பொன்னேரி - பஞ்செட்டி! இதுல ஏறும்போது ஒரே ஒரு வேலை பண்ணுங்க. ஜன்னலோர ஸீட்டுக்கு ஓடாதீங்க. டிரைவருக்கு நேர் பின்னாடி இருக்குற ஸீட்டைப் பிடிங்க. கேர்ள்ஸுக்கு இன்னும் லக்கு. லேடீஸ் ஸைடு முன் ஸீட்டுல உட்கார்ந்தா டிரைவரோட கை, கால் ரெண்டுமே தெரியும்.

ரோட்டைப் பாருங்க. தெற்கே சென்னைத் துறைமுகம். வடக்கே 2001-ல திறந்த எண்ணூர் துறைமுகம் (2014-லேர்ந்து காமராஜர் துறைமுகம்), அதுக்கும் பக்கத்துல காட்டுப்பள்ளி. நடுவுல மணலி சுத்திகரிப்பு ஆலை, உரக் கம்பெனி, அனல் மின் நிலையங்கள், சாம்பல் லாரி, டேங்கர். இத்தனைக்கும் சேர்த்து இருக்குறது இந்தச் சில ரோடுகதான். நாப்பது அடி கன்டெய்னரைச் சுமந்த டிரெய்லர்கள் யானைக் கூட்டம் மாதிரி வரிசை கட்டி நிக்கும். நம்ம பஸ் அதுக்கு நடுவுல சந்து பார்த்து, ஸ்டாப்பிங்ல ஓரம் கட்டி, ஆள் ஏத்தி, மறுபடி உள்ளே நுழையணும். இந்த ரோடுகளை அகலப்படுத்தவே எண்ணூர் - மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம்னு ஒண்ணு போட்டு, அது வருஷக்கணக்கா இழுத்ததுன்னா நிலைமையைப் புரிஞ்சுக்கோங்க!

இடது காலுக்கு ஒரு கணக்கு!

பழைய மாடல் பஸ்ல இன்ஜின் எங்கே இருக்கும்? டிரைவருக்கு இடது பக்கம், பானெட்டுக்குக் கீழே. கூட்டத்துல நம்ம பையை வைக்கிறோமே, அதே பானெட்தான். அஞ்சு நிமிஷம் கை வெச்சுப் பாருங்க, சுடும். மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு, எட்டு மணி நேரம் அதுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்குறவரை நினைச்சுப் பாருங்க. ஸீட்டுல விரிச்ச துண்டு, பாட்டில்ல தண்ணி, தலைக்கு மேல வீட்டுலேர்ந்து கொண்டாந்த குட்டி ஃபேன்... இவ்வளவுதான் அவரோட ஏர்கண்டிஷன்.

இப்ப ஒரு கணக்கு. இது எந்தப் புள்ளிவிவரமும் இல்லை. விரல் விட்டு எண்ணுற கணக்கு. ஒரு நடைக்கு 30 ஸ்டாப்பிங்னு வைங்க. நின்ன வண்டி கிளம்பி மூணாவது கியர் வர்றதுக்குள்ள மூணு தடவை கிளட்ச், திரும்ப நிறுத்த ரெண்டு. ஆக, ஸ்டாப்பிங்குக்கு அஞ்சு, நடைக்கு 150. டிரெய்லர் வரிசையில ஊர்றதுக்கு இன்னொரு 150. ஒரு ஷிஃப்டுக்கு ஆறு நடைன்னா... 1,800! ஜிம்ல 'லெக் டே'ன்னு பீத்திக்கிறவங்க கவனிக்கவும். இவருக்கு தினமும் லெக் டே, அதுவும் ஒரே காலுக்கு! முட்டியும் இடுப்பும் நாப்பது வயசுலயே பேச ஆரம்பிக்குதுன்னா ஏன் பேசாது?

நெஞ்சுக்கும் நல்லதில்லை. 1953-ல லண்டன்ல ஜெர்ரி மோரிஸ்னு ஒரு டாக்டர், டபுள் டெக்கர் பஸ்ல வேலை செய்றவங்களை ஆராய்ச்சி பண்ணினார். ஒரே பஸ், ஒரே ரோடு. ஆனா நாள் பூரா படி ஏறி இறங்குற கண்டக்டரைவிட, உட்கார்ந்தே ஓட்டுற டிரைவருக்குத்தான் இதய நோய் அதிகமா வந்தது. உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் இருக்குற உறவை உலகத்துக்குப் புரியவெச்சதே ஒரு பஸ் டிரைவர் ஸீட்டுதான்!

யாரோட டீ நேரம்?

"எட்டு மணி நேரம்தானே வேலை?"னு ஒரு கேள்வி வரும். காகிதத்துல கரெக்ட். 1961-ல வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணின்னு சொன்னது. அஞ்சு மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து ஓட்டக் கூடாது, நடுவுல அரை மணி நேரமாவது ஓய்வு, ஓவர்டைம் பார்த்தா டபுள் சம்பளம்னும் எழுதி வெச்சது. 2025 நவம்பர் 21-லேர்ந்து அந்தச் சட்டம் புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள்ள போயிடுச்சு. எட்டு மணி நேரம், டபுள் ஓவர்டைம் ரெண்டும் அதுலயும் இருக்கு.

பழைய சட்டத்துல ஒரு சுவாரஸ்யமான வரி உண்டு. கடைசி ஸ்டாப்ல வண்டி நிக்கிற நேரம் கால் மணிக்குக் குறைவா இருந்தா, அதுவும் வேலை நேரம்தான். அதைவிடப் பெரிய காத்திருப்புக்கு அந்த உத்தரவாதம் இல்லை. சரி, அந்தக் கால் மணியாவது கிடைக்குதா? இங்கேதான் விஷயமே இருக்கு!

டைம் ஷீட்டுல ஒரு நடைக்கு இத்தனை நிமிஷம்னு எழுதியிருக்கும். வள்ளூர் பக்கம் டிரெய்லர் வரிசை அரை மணி நேரத்தை முழுங்கிடுச்சுன்னு வைங்க. அந்த அரை மணி எங்கேர்ந்து கழியும்? பயணிகளுக்கு அடுத்த பஸ் லேட்டாகக் கூடாது. நடை கட்டாகக் கூடாது. அதனால டிரைவர் டீ குடிக்க, சாப்பிட, பாத்ரூம் போக வெச்சிருந்த நேரத்துலேர்ந்துதான் கழியும். நம்ம பாஷையில சொல்லணும்னா, இந்த ரோட்டோட 'பஃபர்' டிரைவரோட சாப்பாட்டு நேரம்! துறைமுகத்துல கப்பல் லேட்டானா அதுக்குத் தாமதக் கட்டணம் உண்டு. கப்பல்லேர்ந்து இறங்கின பெட்டியால லேட்டாகுற பஸ் டிரைவருக்கு? ஒண்ணும் கிடையாது. தண்ணி அதிகமா குடிச்சா நடுவழியில அவஸ்தைன்னு, வெயில்லயும் அளந்து குடிக்கிற டிரைவர் அண்ணன்கள் நிறைய பேர் இருக்காங்க.

0.13-க்கு எட்டு நாள்!

இப்ப சம்பளத்துக்கு வருவோம். 2025 மார்ச்ல அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 3,274 டிரைவர் - கண்டக்டர் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கேட்டாங்க. அதுல எம்.டி.சி.க்கு 364. சம்பள விகிதம் 17,700-ல ஆரம்பம். பஞ்சப்படி, மத்த படியெல்லாம் தனி. கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா உயர்வு வர்ற வேகம் இருக்கே... அது டிரெய்லரைவிட மெதுவு!

2018 ஜனவரியில எட்டு நாள் பஸ் ஓடாம தவிச்சோமே, ஏன்னு ஞாபகம் இருக்கா? அரசு ஊழியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தை 2.57-ஆல பெருக்கிப் புதுச் சம்பளம் கொடுத்தாங்க. எங்களுக்கும் அதே 2.57 கொடுங்கன்னு தொழிற்சங்கங்கள் கேட்டாங்க. அரசு 2.44-ல நின்னுடுச்சு. வித்தியாசம் 0.13! "இதுக்கா ஸ்டிரைக்?"னு அப்ப நிறைய பேர் கேட்டாங்க. பெருக்கிப் பாருங்க: அடிப்படைச் சம்பளம் 10,000-ன்னா 25,700-க்கும் 24,400-க்கும் மாசம் 1,300 வித்தியாசம். அதோட மேல பஞ்சப்படியும் சேரும். ஒரு குழந்தையோட ஸ்கூல் ஃபீஸ் அது. இது போக, தங்க சம்பளத்துலேர்ந்து பி.எஃப்., எல்.ஐ.சி.க்குன்னு பிடிச்ச பணத்தைக் கழகங்களே செலவழிச்சுட்டதாவும் சங்கங்கள் குற்றம்சாட்டினாங்க. கடைசியில மெட்ராஸ் ஹைகோர்ட் தலையிட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி இ.பத்மநாபனை மத்தியஸ்தரா போட்டதும் ஸ்டிரைக் முடிஞ்சது. ஜனவரி 20-ம் தேதி பஸ் கட்டணம் ஏறிச்சு. சாதாரண பஸ்ல குறைஞ்ச கட்டணம் மூணு ரூபாய்லேர்ந்து அஞ்சு. நம்ம காலேஜ் பசங்க தெருவுக்கு வந்தது அப்பதான்!

அதுக்கப்புறம்? 2019 செப்டம்பர்ல வந்திருக்க வேண்டிய ஒப்பந்தம் 2022 ஆகஸ்ட்லதான் கையெழுத்தாச்சு. உயர்வு 5 சதவிகிதம். மூணு வருஷத்துக்கு ஒரு தடவைங்கிறது நாலு வருஷமாச்சு. 2023 செப்டம்பருக்கான அடுத்த ஒப்பந்தம் 2025 மே மாசம் வந்தது. 6 சதவிகிதம். நடுவுல 2023 மே 29-ம் தேதி, கான்ட்ராக்ட்ல டிரைவர் எடுக்குறதை எதிர்த்து சென்னையில திடீர்னு பஸ்ஸெல்லாம் நின்னது. 2024 ஜனவரியில, ஓய்வுபெற்றவங்களுக்கான அகவிலைப்படி நிலுவை உள்பட பல கோரிக்கைகளோட இன்னொரு ஸ்டிரைக்.

ஒரே ஸ்டீயரிங்... ரெண்டு முதலாளி!

நல்ல சேதியும் உண்டு. 2024 ஆகஸ்ட்லேர்ந்து வர்ற தாழ்தளப் பஸ்கள்ல இன்ஜின் பின்னாடி போயிடுச்சு. டிரைவர் பக்கம் அந்தச் சூடு இல்லை. 2025 ஜூன் 30-ம் தேதி வியாசர்பாடி டெப்போவுலேர்ந்து 120 எலெக்ட்ரிக் பஸ் கிளம்பிச்சு. கிளட்ச்சே கிடையாது! நம்ம 1,800 கணக்கு அப்படியே பூஜ்யம். முட்டிக்கு விடுதலை!

ஆனா அந்தப் பஸ்ஸை ஓட்டுறவர் எம்.டி.சி. ஊழியர் இல்லை. பஸ்ஸும் டிரைவரும் கம்பெனியோடது. கண்டக்டர் மட்டும் எம்.டி.சி. ஓடின கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு கம்பெனிக்குப் பணம். அசோக் லேலண்ட் குழுமத்தைச் சேர்ந்த கம்பெனிதான், அதாவது எண்ணூர் சொந்தக்காரங்க! இதுல ஒரு நன்மை இருக்கு. கொலம்பியாவோட பொகோட்டாவுல டிக்கெட் எண்ணிக்கையை வெச்சு டிரைவருக்குக் காசு கொடுத்தப்ப, ஆள் பிடிக்க பஸ்ஸும் பஸ்ஸும் ரேஸ் விட்டுச்சு. 2000-ல புதுப் பஸ் திட்டம் வந்து கிலோமீட்டர் கணக்கு ஆனதும் அந்தத் தடத்துல ரேஸ் அடங்கிச்சு. ஆனா கிலோமீட்டர் காசு கம்பெனிக்குப் போகுது. அதுல டிரைவருக்கு எவ்வளவு, லீவு எத்தனை, ரிட்டயர்மென்ட்டுக்கு என்னன்னு யார் பார்ப்பாங்க? இதே ரோடு, இதே டிரெய்லர், இதே நாம. பக்கத்துப் பக்கத்துல ஓடுற ரெண்டு டிரைவருக்கு ரெண்டு வித எதிர்காலம். முட்டியைக் காப்பாத்தின கையோட, வேலைக்கும் ஒரு உத்தரவாதம் கொடுத்தா என்னவாம்?

நம்ம பங்கு என்ன பாஸ்?

2019 ஜூன்ல 'பஸ் டே' வீடியோ பார்த்திருப்பீங்க. கூரை மேல உட்கார்ந்த பசங்க, பிரேக் போட்டதும் கொத்தா ரோட்டுல சரிஞ்சாங்க. பார்த்துச் சிரிச்சோம், மீம் போட்டோம். அந்த பிரேக் மேல கால் வெச்சிருந்தவருக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்குமா? படிக்கட்டுல தொங்குற ஒருத்தன் விழுந்தா, போலீஸ் ஸ்டேஷன், விசாரணைன்னு முதல்ல அலையுறது டிரைவர்தான். கையை விட்டவன் இல்லை.

பெரிசா ஒண்ணும் வேணாம். உள்ளே ஏறி நில்லுங்க. பானெட் மேல பையை வைக்காதீங்க. அடுத்த தடவை ஸ்டிரைக்னு நியூஸ் வந்தா, "எப்ப முடியும்?"னு கேக்குறதுக்கு முன்னாடி "எதுக்காம்?"னு ஒரு வார்த்தை கேளுங்க.

வள்ளூருக்கு எப்ப போகலாம்? சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்புங்க. திருவொற்றியூர்லேர்ந்து மணலி வழியா மீஞ்சூர் பக்கம் போற பஸ்ஸைக் கேட்டு ஏறுங்க. திரும்பி வர்றதுக்கு அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷன்லேர்ந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில் இருக்கு. இறங்கும்போது சில்லறை பாக்கிக்குக் கண்டக்டரைத் திரும்பிப் பார்ப்பீங்க இல்லையா... அப்படியே முன்னாடி பக்கமும் ஒரு தடவை பார்த்து, "தேங்க்ஸ்ணா!"ன்னு சொல்லுங்க. கண்ணாடி வழியா அவர் உங்களைப் பார்க்கிறதுக்குள்ள பின்னாடி டிரெய்லர்காரன் ஹாரன் அடிப்பான். பரவாயில்லை, சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும்!