அப்பாவின் 24 நிமிடங்கள்

எங்கள் அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். சொந்த வண்டிதான், ஆனால் தவணை முடியும் வரை அது பாதிக்குப் பாதி பைனான்ஸ்காரருடையது என்று அம்மா சொல்வார்கள். பாளையங்கோட்டையிலிருந்து மதுரைக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவதுதான் அப்பாவுக்கு அதிகமாகக் கிடைக்கும் சவாரி. போகும்போது ஆள் உண்டு. திரும்பும்போது பெரும்பாலும் காலி வண்டி. பேசிய தொகை பேசியதுதான். ஆகவே டீசலில் மிச்சம் பிடித்தால் அது வீட்டுக்கு. கூடுதலாக எரித்தால் அந்த நஷ்டமும் வீட்டுக்கே!

வண்டியின் கணக்கு நோட்டை அக்காவும் நானும் எழுதி வருகிறோம். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு. அடுத்த ஆண்டு அவளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம், "டீசலே எல்லாத்தையும் குடிச்சிருதே" என்று அப்பா பெருமூச்சு விடுவார்கள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் நோட்டை முதலிலிருந்து புரட்டினோம். ஒரே சாலை, ஒரே வண்டி, ஒரே தூரம். ஆனால் லிட்டர் மட்டும் ஒன்றுபோல் இல்லை. ஏன்?

அப்பாவிடம் ஒரு வரம் கேட்டோம். மதுரையை விட்டுக் கிளம்பும்போது டேங்கை நிரப்பி, ஊர் வந்து மறுபடி நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று சீட்டு வாங்கி வர வேண்டும். இரண்டு இரவுகள் வழக்கம்போல் 100-இல் வரலாம். இரண்டு இரவுகள் 80-ஐத் தாண்டக் கூடாது. அப்பா சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். 160 கிலோமீட்டருக்கு வேகமாக வந்த இரவுகளில் ஏறத்தாழ 10 லிட்டர் பிடித்தது. நிதானமாக வந்த முதல் இரவில் 8 லிட்டர்தான். எங்கள் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை!

ஆனால் நிதானமாக வந்த இரண்டாம் இரவு எங்கள் முகத்தில் கரியைப் பூசிவிட்டது. 80-ஐத் தாண்டவே இல்லை என்று அப்பா அடித்துச் சொல்கிறார்கள். சீட்டிலோ ஒன்பது லிட்டருக்கும் மேல். "உங்க கணக்கும் நீங்களும்" என்று அம்மா கேலி செய்தார்கள். நாங்கள் பங்க்கில் அளவு தவறிவிட்டது என்று கூடச் சந்தேகப்பட்டோம்.

விடை எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கிடைத்தது. அவர் கேட்ட ஒரே கேள்வி: "அன்று காற்று எப்படி?" ஆடி மாதம்! கயத்தாறு பக்கம் சாலையோரத்தில் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? அன்று அங்கே எதிர்க்காற்று வண்டியையே உலுக்கியதாக அப்பா சொன்னது அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது. வண்டி 80-இல் போகிறது, காற்று எதிரே 20-இல் வருகிறது என்றால், காற்றைப் பொறுத்தவரை அது 100-இல் போகும் வண்டிதான். எங்கள் கணக்கைக் கெடுத்ததாக நாங்கள் நினைத்த இரவே அதன் காரணத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

பேருந்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நடத்துநரிடம் திட்டு வாங்காத பிள்ளை உண்டா? அந்தக் கையைப் பின்னுக்குத் தள்ளுவது காற்று. அது வேகத்தோடு சமமாகக் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. 80-ஐயும் 100-ஐயும் வர்க்கம் எடுத்தால் 6,400, 10,000. ஒன்றரை மடங்குக்கும் மேல்! டயர் உருள்வதற்கும் என்ஜினின் சொந்த உராய்வுக்கும் எரிவது அப்படி ஏறுவதில்லை. அதனால்தான் மொத்த டீசல் ஒன்றரை மடங்காகாமல் கால் பங்கு கூடியதோடு நின்றது.

"அப்படின்னா 20-லயே வரச் சொல்லுங்களேன்" என்றாள் தங்கை. புத்திசாலி! ஆனால் ஊர்ந்து போனால் கியர் இறங்குகிறது. தூரம் குறைவாகக் கடந்தாலும் என்ஜின் தன்னைச் சுழற்றிக்கொள்ள எரித்தே ஆக வேண்டும். சிக்னலில் நிற்கும் வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தரும்? பூஜ்யம். பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகத்தார் 45 முதல் 55 வரை நல்லது என்கிறார்கள். நான்குவழிச் சாலையில் பின்னால் லாரி ஒலி எழுப்பிக்கொண்டு வரும்போது 50 நடக்கிற காரியமா என்று அப்பா கேட்டார்கள். 80 என்று சமாதானம் ஆனோம்.

1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அமெரிக்காவும் இதைத்தான் செய்தது. 1974 ஜனவரியில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் நாடெங்கும் 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர், என்று எல்லை போட்டது. பலருக்கு அது பிடிக்கவில்லை. 1995-இல் எடுத்துவிட்டார்கள்.

எங்கள் அப்பாவுக்கும்தான் பிடிக்கவில்லை. சுங்கச்சாவடியில் நிற்பதை விட்டுவிட்டால், 100-இல் வர 1 மணி 36 நிமிடம். 80-இல் 2 மணி. 24 நிமிடத்துக்கு 2 லிட்டர் டீசல் என்று நோட்டை நீட்டினோம். அப்பா வெகுநேரம் அதைப் பார்த்தார்கள்.

"காலி வண்டிய வேற எதுக்கும்மா விரட்டுதேன்? பத்து மணிக்கு மேல வந்தா நீங்க தூங்கிருவியளே. காலையில நான் எந்திரிக்கறதுக்குள்ள பள்ளிக்கூடம் போயிருவிய. மொகத்தப் பாக்கறது எப்போ?"

எங்கள் நோட்டில் இதற்கு ஒரு பத்தி இல்லை. அக்காதான் முதலில் பேசினாள். "எங்க ரெண்டு பேருக்கும் இந்த வருஷம் அரசுத் தேர்வுப்பா. பத்தரைக்கு முன்னாடி யார் தூங்கப் போறா? நீங்க மெதுவாவே வாங்க."

இப்போது அப்பா 80-இல் வருகிறார்கள். கார் சத்தம் தெருமுனையில் கேட்கும்போது நாங்கள் புத்தகத்தை மூடிவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிறோம். தங்கை மட்டும் ஒன்பதரைக்கே தூங்கிவிடுகிறாள். அவளை எழுப்பக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. ஆனால் சாப்பிடும் முன் அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவார்கள்.