கோயில் பூனை மூச்சு வாங்குனா தண்ணி ஊத்தாதீங்க

மடப்பள்ளி பக்கம் இருக்குற சாம்பல் பூனைக்கு என்னாச்சுன்னு நிறைய பேர் கேட்டீங்க. நான் டாக்டர் இல்ல, ஃபேக்டரி சூப்பர்வைசர். சுங்கை பட்டாணி கிளினிக்ல மிருக டாக்டர் விளக்கினத அப்படியே எழுதுறேன்.

பூனை வாயத் திறந்து மூச்சு வாங்குச்சு. படுக்கவே இல்ல. பார்க்க சளி மாதிரி இருக்கும், ஆனா நுரையீரலைச் சுத்தி தண்ணி கட்டியிருந்துச்சு. நுரையீரல் விரிய இடம் இல்ல. டாக்டர் முதல்ல ஆக்சிஜன் வச்சாங்க. மல்லாக்கப் போட்டா மூச்சு நின்னுடலாம்னு உட்கார்ந்தபடியே ஸ்கேன் பார்த்து, விலா எலும்பு நடுவுல ஊசி விட்டு எடுத்தாங்க. உடனே மூச்சு இறங்குச்சு.

ஃபேக்டரியில எண்ணெய் கசிஞ்சா துடைச்சா மட்டும் போதாது, எங்க கசியுதுன்னு பார்க்கணும். இதுவும் அப்படித்தான். எடுத்த தண்ணியோட நிறம் ஒரு துப்பு. சீழா இருந்தா கிருமி. பால் மாதிரின்னா நிணநீர்க் குழாய் கசிவு. இதய நோயும் புற்றுநோயும்கூட காரணமாகலாம். தோட்டத்து நாய்ங்களுக்கு ரத்தம் வந்தா செம்பனைக்கு வைக்கிற எலி விஷத்தையும் சந்தேகப்படணும். தின்ன அன்னைக்கே தெரியாது, சில நாள் கழிச்சுத்தான் தெரியும். அதுக்கு வைட்டமின் கே1 மருந்து இருக்கு.

நம்ம பூனைக்கு வந்தது மஞ்சளா, பிசுபிசுன்னு. டெஸ்ட் பண்ணி எஃப்.ஐ.பி.ன்னு சொன்னாங்க. பூனைக் கொரோனா வைரஸால வர்றது. கோவிட் இல்ல, நம்மள ஒட்டாது. முன்னாடி இது வந்தா பிழைக்கிறது அபூர்வம். 2019-ல அமெரிக்காவுல டாக்டர் நீல்ஸ் பெடர்சன் குழு 31 பூனைங்களுக்கு ஜிஎஸ்-441524 மருந்து குடுத்த ஆய்வு வெளிவந்துச்சு. 25 பூனை பிழைச்சுச்சு. நம்ம பூனைக்கும் அந்த மருந்துதான், 84 நாள். இன்னிக்கு 9-வது நாள். சாப்பிட ஆரம்பிச்சிருக்கு, ஆனா இன்னும் கண்டம் தாண்டல. தொண்டர்கள் முறை வச்சு மருந்து குடுக்குறோம். அந்த நேரத்துல கூட்டம் போடாம இருந்தா பெரிய உதவி.

உங்க வீட்டு நாய், பூனை தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குறத ஒரு நிமிஷம் எண்ணுங்க. திரும்பத் திரும்ப 30-க்கு மேல போனா டாக்டர்கிட்ட காட்டுங்க. பூனை வாயத் திறந்து மூச்சு வாங்குனா, நாக்கு நீலமானா அந்த நிமிஷமே கிளம்புங்க. வாயில தண்ணி, தீர்த்தம் எதுவும் ஊத்தாதீங்க, புரை ஏறிடும். பனடோல் குடுக்கவே குடுக்காதீங்க, பூனைக்கு அது விஷம். இறுக்கிப் பிடிக்காம காத்தோட்டமான கூடையில வச்சு, கிளினிக்குக்கு முன்கூட்டியே போன் பண்ணிட்டுப் போங்க.

தெரிஞ்சவங்களுக்கும் பகிருங்க.