கேட்காமல் எடுத்தேன்

ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோயுடன் வந்த பெண்கள் பலருக்கு முழு மார்பையும் எடுத்திருக்கிறேன். கட்டியை மட்டும் அகற்றினாலே போதும் என்ற நிலையில் இருந்தவர்கள் அவர்கள். அப்படியொரு வழி உண்டு என்பதைக்கூட நான் சொல்லவில்லை. "உயிர்தாம்மா முக்கியம்" என்பேன், தலையாட்டுவார்கள். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டேன்.

தெரியாமல் செய்ததல்ல. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் நடத்திய ஆய்வின் இருபதாண்டு முடிவு 2002இலேயே வந்துவிட்டது. அதே ஆய்வில் கதிர்வீச்சு பெற்றவர்களில் 14.3 சதவீதம் பேருக்கு அந்த மார்பில் நோய் திரும்பியது, பெறாதவர்களில் 39.2 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணைத்தான் சாக்காகப் பிடித்துக்கொண்டேன். இந்த அம்மா வாரக்கணக்கில் பஸ் ஏறி கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சுக்கு, வரவா போகிறார் என்று, சேலையையும் செருப்பையும் பார்த்தே முடிவு கட்டினேன்.

அந்தச் சாக்கும் பொய். முழு மார்பை எடுத்த பிறகும், அக்குள் நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருந்தால் கதிர்வீச்சுக்கு அனுப்பத்தான் செய்தேன். போனார்கள். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு விடியற்காலைப் பஸ் பிடித்துப் போனார்கள். அதைப் பார்த்த பிறகும் நான் மாறவில்லை. மார்பை விட்டுவைத்து நோய் திரும்பினால் பழி என் மேல் விழும். முழுதாக எடுத்துவிட்டால் யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள். உண்மைக் காரணம் இந்தப் பயம்தான்.

கதிர் கொடுக்கும் பரப்பும் நாள் கணக்கும் குறைந்துகொண்டே வந்தன. அதே மார்பில் நோய் திரும்பினால் பெரும்பாலும் கட்டி இருந்த இடத்தருகேதான் திரும்புகிறது. அதனால் அந்தப் பகுதிக்கு மட்டும் கதிர் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் பிரிட்டனின் இம்போர்ட் லோ ஆய்வு வெளியானது. 50 வயதோ அதற்கு மேலோ ஆன, ஆபத்து குறைந்த பெண்களுக்கு 15 தவணை; ஐந்தாண்டில் அதே மார்பில் நோய் திரும்பியது 0.5 சதவீதம் பேருக்கே. முழு மார்புக்கும் கதிர் பெற்றவர்களில் அது 1.1 சதவீதம். 2020இல் வந்த ஃபாஸ்ட் ஃபார்வர்டு ஆய்வு, ஒரே வாரத்தில் ஐந்து தவணை போதும் என்று காட்டியது. இரண்டையும் படித்தேன். படித்த பிறகும் சில காலம் பழையபடியே வெட்டினேன்.

இப்போது இரண்டு வழியையும் சொல்லிவிட்டு, யோசித்து வரச்சொல்கிறேன். சிலர் முழுதாக எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். அது அவர்கள் முடிவு. முன்பு நான் கேட்காமல் எடுத்தவர்கள் ஆண்டுப் பரிசோதனைக்கு இன்றும் என்னிடமே வருகிறார்கள். அவர்களில் ஒருவரிடமும் இதை நான் இன்னும் சொல்லவில்லை.