பனிமலைக்கு ஒரு நாள்

சுவிட்சர்லாந்தில் பெப்ரவரி மாதமளவில் பாடசாலைகளுக்கு ஒரு விடுமுறை வரும். 'விளையாட்டு விடுமுறை' என்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, வகுப்பறைகளைச் சூடாக்க வழியின்றிப் பள்ளிகளை மூடினார்கள். அதிலிருந்து வந்த வழக்கம் இது. போர் முடிந்த பின்னும் விடுமுறை நிலைத்துவிட்டது. எங்கள் ஊரிலும் போரினால் பள்ளிக்கூடம் மூடிய நாட்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் ஒன்றையேனும் விடுமுறையாக நினைத்துப் பார்க்க முடிகிறதா?

கடந்த மாரியில் அந்த விடுமுறைக்குச் சற்று முன்னர் நான் பேர்ண் நகரில் அக்கா வீட்டில் நின்றேன். அக்கா அங்கு போய் இருபது வருடங்களுக்கு மேலாகிறது. போன புதிதில் நான்கு மாரிகள் மலைக் கிராமமொன்றின் ஹோட்டலில் அறை துப்புரவு செய்தவர். பனிச்சறுக்கு என்றால் அவருக்குத் தெரிந்தது, சறுக்கிவிட்டு வந்தவர்களின் சப்பாத்திலிருந்து கம்பளத்தில் வடியும் தண்ணீர்தான். வெளியே நின்று ஒரு நாளும் பார்த்ததில்லையாம்.

இப்போது அக்காவின் பத்து வயது மகள் பிடிவாதமாக நின்றாள். அடுத்த வருடம் அவளது வகுப்பு பனிச்சறுக்கு முகாமுக்குப் போகிறது. "எல்லாரும் சறுக்குவினம், நான் மட்டும் விழுந்து விழுந்து எழும்பிறதோ?" என்றாள். அதற்கு முன் ஒரு நாளாவது பழக வேண்டுமாம்.

"அதெல்லாம் எங்கட ஆக்களுக்கில்லை. கை கால் முறிஞ்சால் ஆர் வேலைக்குப் போறது?" என்றார் அக்கா. முகாமுக்கே மகளை விடாமல் கடிதம் கொடுக்கும் யோசனையும் அவருக்கு இருந்தது. ஒவ்வொரு பிராங்கையும் ரூபாவாக மாற்றி, அம்மாவின் மருந்துச் செலவோடு ஒப்பிடுவது அவர் வழக்கம். சமூகவியல் படித்த எனக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. முகாம்களில் நான் சந்தித்த தாய்மாரிடமும் இதே கணக்கு இருந்தது: தனக்கென்று செலவிடும் எதுவும் யாரிடமிருந்தோ பறித்தது போல.

எனவே உபதேசம் செய்யாமல் கடதாசிகளை எடுத்துக்கொண்டு இருந்தோம். முகாம் கட்டணம் பற்றிய பயம் முதலில் தீர்ந்தது. கட்டாயமான பாடசாலை முகாம்களுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவை மட்டுமே, அதாவது நாளுக்கு 10 முதல் 16 பிராங்குக்குள், கேட்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017 இல் தீர்ப்பளித்திருக்கிறது. கை கால் முறிவதற்கும் பதில் இருந்தது. ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு 8 மணித்தியாலமாவது வேலை செய்பவருக்கு, வேலைக்கு வெளியே நேரும் விபத்துக்கும் காப்புறுதி உண்டு. மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தின் 80 வீதம் கிடைக்கும். அக்கா இத்தனை வருடம் கட்டிய காசு அது. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இடமாக வெங்கன் கிராமத்தைத் தெரிந்தோம். 1,274 மீற்றர் உயரத்தில், கார் ஓடாத ஊர். லவுட்டர்புருனனிலிருந்து பற்சக்கர ரயிலில் ஏற வேண்டும். ஊர் நடுவிலேயே பழகுபவர்களுக்கான சிறு சரிவு உண்டு. பிள்ளைகளுக்கு 'யூனியர்' அட்டை இருந்ததால் பெற்றோரோடு ரயிலில் காசில்லை. தொடக்கக்காரருக்கு முழு மலைக்குமான ரிக்கற்றும் வேண்டாம். நின்றபடியே மேலே கொண்டுபோகும் நகரும் பாய் போதும். சறுக்குப் பலகை, சப்பாத்து, தலைக்கவசம் வாடகைக்கு. உடுப்புகளைப் 'புறொக்கி' என்னும் பழைய பொருட்கடையில் எடுத்தோம். உள்ளே பருத்தி போடக்கூடாது, வியர்வையில் நனைந்து உடம்பைக் குளிராக்கும் என்று கடைக்காரப் பெண் சொன்னபோது அக்கா நம்பவேயில்லை. எங்கள் வெயிலுக்குப் பருத்தியை விட்டால் வேறென்ன!

மகள் வீட்டில் சறுக்கிப் பார்த்தாள். கால் நுனிகளை உள்ளே சேர்த்தால் 'பீற்சா', நிற்கும்; நேராக வைத்தால் 'பொம்மஸ்', ஓடும். இதைத்தான் அங்கு சிறுவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கிறார்களாம். ஆறு வயதுத் தம்பி குசினியில் பீற்சா போட்டே விழுந்தான்.

வாடகைக் கடைக்குச் சப்பாத்து அளவு எழுதும்போதுதான் பிரச்சினை. அத்தானுக்கு அன்றும் உணவகத்தில் வேலை. அக்கா தன் பெயரை எழுத விடவில்லை. தான் புட்டுப் பார்சலோடு வாங்கில் இருந்து பைகளைப் பார்த்துக்கொள்வாராம். நான் என் பயணக் காப்புறுதிப் பத்திரத்தை நீட்டினேன். அதில் பனிச்சறுக்கு விலக்கப்பட்டிருந்தது.

"அப்ப பை பாக்கிறது நான் அக்கா. நீங்கள் பிள்ளையளோடை இறங்குங்கோ."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முப்பத்தெட்டு எண்டு எழுது" என்றார். நிபந்தனை இரண்டு: சின்னப் பிள்ளைகளின் சரிவை விட்டு மேலே போகமாட்டார், விழுவதை ஒருவரும் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பக்கூடாது. முதலாவதற்கு மகள் சம்மதித்தாள். இரண்டாவதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.