சூரியன் வராத இரண்டு மாதம்



மஃரிப் பாங்கு கேட்டதும் பிள்ளைகளை உள்ளே அழைக்கிறீர்கள். அந்த மாலை இரண்டு மாதம் நீடித்தால் என்ன செய்வீர்கள்?

நோர்வேயின் வடக்கே, துருவ வட்டத்துக்கும் ஏறத்தாழ 350 கிலோமீற்றர் அப்பால் உள்ளது ட்ரொம்ஸோ நகரம். நவம்பர் 21 அளவில் மறையும் சூரியன், ஜனவரி 21 அளவில்தான் மலைகளுக்கு மேலே மீண்டும் முகம் காட்டும். இடையில் நண்பகலில் சில மணி நேரம் மங்கிய நீல ஒளி மட்டுமே.

ஆனாலும் வீடுகள் சோர்ந்து கிடப்பதில்லை. டிசெம்பரில் யன்னல்தோறும் நட்சத்திர விளக்குகள் எரியும். தாய்மார் பிள்ளைகளுக்குக் கம்பளி உடுத்தி, இருளில் மின்னும் பட்டி கட்டி, பனியில் சறுக்கி விளையாட அனுப்புவார்கள். வெயில் தராத 'டி' உயிர்ச்சத்துக்காக ஒரு கரண்டி மீனெண்ணெயும் உண்டு. வானம் தெளிந்த இரவில் பச்சை ஒளி அலை அலையாய் ஆடும். சுப்ஹானல்லாஹ்!

அங்கு வாழும் முஸ்லிம் குடும்பங்கள் எப்படித் தொழுகின்றன? தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஒரு வருடம்போல் நீளும் என்ற நபி (ஸல்) அவர்கள், அன்று தொழுகை நேரத்தைக் கணித்துக்கொள்ளுமாறு கூறினார்கள். அதை வைத்தே மக்காவின் நேரத்தையோ, இரவு பகல் பிரியும் அண்மை ஊரின் நேரத்தையோ பின்பற்ற உலமாக்கள் வழி காட்டியுள்ளனர். வானம் நேரம் சொல்லாதபோது, மணிக்கூட்டைப் பார்த்துப் பிள்ளைகளை ஸுபஹுக்கு எழுப்புவது உம்மாவின் பொறுப்பாகிறது.

சூரியன் திரும்பும் நாளில் ஊரே 'சூரிய பணிஸ்' உண்டு மகிழ்கிறது. நமக்கோ அது தினமும் கேளாமலே கிடைக்கிறது. நாளை ஸுபஹுக்குப் பின் ஸூரத்துல் கஸஸின் 71ஆம் வசனத்தைப் பொருளுடன் ஓதிவிட்டு, யன்னலைத் திறந்து பாருங்கள்.