சாட்சி விசாரணை

மோட்டார் காரின் நோய்களுள் மிகவும் சங்கடமானது, கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்கு நோய் என்று ஒரு கடதாசி சொல்வதாகும். 2023 ஆம் ஆண்டு மாசி மாதத்தில், வடமராட்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர் ஒருவரின் கைக்கு அத்தகைய கடதாசி ஒன்று வந்து சேர்ந்தது. அவருடைய 1994 ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா புகைப் பரிசோதனையில் தேறவில்லை. வெளிவரும் புகையிற் காபனோரொட்சைட்டு அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டியிருந்தது. அந்தச் சான்றிதழ் இன்றி வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்தல் இயலாது.

கடதாசி சொல்லுமுன்னரே அவர் அதனை வேறொரு கணக்கில் உணர்ந்திருந்தார். அவருடைய மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் யாழ்ப்பாணத்திற் குருதிச் சுத்திகரிப்பு நடைபெற்று வந்தது. போய்வர 66 கிலோமீற்றர்; வாரத்துக்கு ஏறத்தாழ 200. எரிபொருள் நெருக்கடியின் பின் வந்த பங்கீட்டில் ஒரு காருக்கு அப்போது வாரமொன்றுக்கு 20 இலீற்றர் பெற்றோலே கிடைத்தது. இலீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடிய காலத்தில் அது போதியதாயிருந்தது. சிறிது மிஞ்சியும் இருந்தது. அது 9 ஆகக் குறைந்ததும் 22 இலீற்றர் வேண்டியதாயிற்று. மூன்றாம் பயணத்துக்கு வாடகை வான் பிடிக்க நேர்ந்தது. காரை மாற்றிவிடலாமே என்பார்க்கு விடை எளிது: 2020 ஆம் ஆண்டு பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின்னர், முப்பது வயதுக் கார்களுக்குங்கூட ஓய்வூதியக்காரர் அணுகவொண்ணாத விலை ஏறியிருந்தது.

கராஜிலிருந்த இளைஞன் முதலிற் பிளக்குகளை மாற்றினான்; பின்னர் காற்று வடிகட்டியை மாற்றினான். பயன் விளையவில்லை. அதன்மேல், பொனெற்றின் கீழுள்ள சிறு கரும்பெட்டியில் ரி.ஈ.1, ஈ.1 என்னும் இரு முனைகளை ஒரு கம்பித் துண்டால் இணைத்துச் சாவியைத் திருப்பினான். முகப்பு விளக்கு இரண்டு முறை மின்னி, சற்றே ஓய்ந்து, ஒரு முறை மின்னியது. இருபத்தொன்று. அக்காலத்து ரொயோட்டாக்களின் சங்கேதத்தில் அது ஒட்சிசன் உணரியைக் குறிக்கும்.

“மாஸ்ரர், கொம்பியூட்டரே சொல்லுது, சென்சர்தான் பிழையெண்டு. மாத்தி விடுவம்.”

“தம்பி, சென்சர் பிழையெண்டு அது சொல்லேல்லை. அதிலையிருந்து வாற செய்தி சரியில்லையெண்டுதான் சொல்லுது. செய்தி கொண்டுவாறவனிலை பிழையோ, செய்தியிலை பிழையோ எண்டு பாக்கவேணும்.”

இந்த வேறுபாட்டை ஆசிரியரின் பிடிவாதம் என்று தள்ளிவிடலாகாது. புதிய உணரி ஒன்றின் விலை அவருடைய ஓய்வூதியத்திற் பெரும்பகுதியை விழுங்கவல்லது. மாற்றிய பின்னும் நோய் நிற்குமாயின் இரண்டாவது முயற்சிக்குப் பணம் இல்லை.

புகைக் குழாயிற் பொருத்தப்படும் இவ்வுணரி விரலளவான ஒரு பொருள். உள்ளே சேர்க்கோனியம் ஒட்சைட்டாலான வெண்களிக் கூடொன்று; அதன் இருபுறத்திலும் பிளாற்றினப் பூச்சு. ஒருபுறம் வெளிக்காற்று, மறுபுறம் புகை. ஏறத்தாழ 300 பாகை வெப்பத்துக்கு மேல் அக்கூடு ஒட்சிசன் அயன்களைத் தன்னூடே செல்லவிடும். இருபுறத்து ஒட்சிசன் அளவுகளும் வேறுபடுமிடத்து அங்கே ஒரு மின்னழுத்தம் தோன்றும். 1920 ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசைப் பெற்ற நேர்ண்ஸ்ற் என்பாரின் சமன்பாட்டைப் பல்கலைக்கழகத்திற் படித்துப் பரீட்சையோடு மறந்துவிடுவோர் பலர். அது ஓடும் காரினடியில் இடையறாது கணிக்கப்படுவதை நினைப்போர் சிலரே. பீசமான விகிதப்படி ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு நிறையில் 14.7 பங்கு காற்று வேண்டும். பெற்றோல் கூடினால் உணரி 0.9 வோல்ற்றை அண்மிக்கும். காற்றுக் கூடினால் 0.1 அளவுக்கு இறங்கும். அதைக் கேட்டுக் கணினி பெற்றோலைக் கூட்டும், குறைக்கும், மீண்டும் கூட்டும். ஆதலால் நல்ல உணரி ஓரிடத்தில் நில்லாது ஊசலாடிக்கொண்டே இருத்தல் வேண்டும். 1976 இல் வொல்வோ கார்களிற் போஷ் நிறுவனத்தார் இதனை முதலிற் பொருத்திய நாள் தொட்டு அடிப்படை இதுவே. ஈயம் இதற்கு நஞ்சு. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 வரை விற்பனையாயிற்று; அதற்குமுன் இங்கே வந்திறங்கிய கார்களின் உணரிகள் எத்தனை வாய்மூடி மாண்டனவோ!

விசாரணை ஒரு சனிக்கிழமை காலை நடைபெற்றது. இயந்திரம் குளிர்ந்திருக்கையிலேயே அதனை இயக்கி, சைலன்சரின் வாயை ஈரச்சாக்கினாற் சற்று அடைத்து, முன்புறத்தில் ‘உஸ்’ என்ற ஒலி கேட்கிறதா என்று இருவரும் காதுகொடுத்தனர். உணரிக்கு முன்னே வெடிப்பிருந்தால் வெளிக்காற்று உட்புகும். உணரி அதை உண்மையாகவே கண்டு, காற்று மிகுதி என்று சொல்லும். அத்தகைய உணரியை மாற்றுவது மெய் சொன்னவனைத் தண்டிப்பதாகும். ஒலி எதுவும் இல்லை. உணரியிலிருந்து கணினிக்குச் செல்லும் வயரும் அறாதிருந்தது. இளைஞன் அடுத்தபடியாக உணரியின் தடையையே ஓம்மானியால் அளக்கப் புறப்பட்டான். ஆசிரியர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியிலிருந்து செலுத்தும் மின் அந்தச் சேர்க்கோனியக் கூட்டைக் கெடுத்துவிடக் கூடும்.

அவர் கொண்டுவந்திருந்தது முள்ளுள்ள பழைய வோல்ற்றுமானி. அதே கரும்பெட்டியின் வி.எவ்.1 என்னும் முனையில், முன்சொன்ன இரு முனைகளும் இணைந்திருக்கையில், உணரியின் செய்தி பெருப்பித்துத் தோன்றும்: காற்று மிகுந்தாற் பூச்சியம், பெற்றோல் மிகுந்தால் ஐந்து வோல்ற்று. இயந்திரத்தைச் சூடேற்றி நிமிடத்துக்கு 2,500 சுற்றில் நிறுத்தினால், முள் பத்து வினாடியில் எட்டுத் தடவையேனும் ஆடவேண்டும். முள் பூச்சியத்திற் படுத்துக் கிடந்தது.

இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். நீரின் வெப்பத்தை அளக்கும் உணரியின் இணைப்பைக் கழற்றி, அவ்விடத்தில் 5 கிலோ ஓம் தடையொன்றைச் செருகினார். இயந்திரம் குளிர்ந்திருக்கிறது என்று ஏமாந்த கணினி பெற்றோலை அள்ளி ஊற்றியது. கரும்புகை எழுந்தது, பெற்றோல் நெடி கண்ணை எரித்தது. அங்கு நின்ற எவருக்கும் தெரிந்த அந்தப் பெற்றோல் மிகுதி முள்ளுக்கு மட்டும் தெரியவில்லை. அது பூச்சியத்தை விட்டு எழும்பவேயில்லை. இத்தனை நாளும் ‘காற்று மிகுதி’ என்று பொய்யுரைத்துக் கணினியைக் கொண்டு பெற்றோலை ஊற்றுவித்தது அதுவே என்பது அதன்பின் ஐயமற விளங்கிற்று.

“சரி தம்பி, இப்ப மாத்துவம்.”

பஞ்சிகாவத்தையிற் கழற்றி விற்கும் உணரிகள் மலிவு. ஆயினும் அவை எந்தக் காரில் எத்தனை ஆண்டு கிடந்தவையோ. புதியதே கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது.

கழற்றும் வேலையில் ஆசிரியரின் கல்வி உதவவில்லை. உணரியைப் பிடித்திருந்தவை இரண்டே நட்டுகள். இரவு முழுவதும் எண்ணெயில் ஊறியும், ஒன்று கழன்றதே தவிர, மற்றது துருவேறிய தன் தண்டோடு முறிந்தது. ஆசிரியர் வெளிறிப் போனார். இளைஞனோ முறிந்த எச்சத்தின் மேல் வேறொரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, செஞ்சூடு தணியுமுன் முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்து அதனை வெளியே எடுத்துவிட்டான். அரை நாட் சென்றது. அவன் அதற்குத் தனியே கூலி கேட்கவுமில்லை. முன்னர் பிளக்கு மாற்றிய அவசரக்காரனும் இவனும் ஒருவனே என்று நம்புவது கடினம்.

வெளிவந்த உணரியின் முனை விளக்குக்கரி போற் கறுத்திருந்தது. புதியதைப் புதுக் கஸ்கற்றுடன் பொருத்தி, கணினியின் பழைய நினைவு அழியும்பொருட்டு ஈ.எவ்.ஐ. பியூஸைச் சிறிது நேரம் கழற்றி வைத்தனர். பின்னர் ஆசிரியர் அக்சிலேற்றரை மிதிக்க, மனைவி முன்னாசனத்தில் இருந்தபடி தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து வினாடிகளை எண்ணினார். இளைஞன் மானியின்மேற் குனிந்து நின்றான்.

“பத்து,” என்றார் அம்மையார்.

“பதினொரு தரம் ஆடிற்று, மாஸ்ரர்!”

அவர் காலை எடுத்தார். இயந்திரம் அடங்கிற்று. மனைவி கடிகாரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“இஞ்சாருங்கோ, அப்ப வெள்ளிக்கிழமைக்கு வான்காரனை வரவேண்டாமெண்டு சொல்லட்டோ?”